பழைய கோப்புகளை அழிக்க எவ்வளவு ஆகும்?

காகித ஆவணங்களை அழித்துத் தருவதற்கான விலைப்புள்ளி பெரும்பாலும் ஒரே வரியில் வரும்: கிலோவுக்கு இவ்வளவு, அல்லது பெட்டிக்கு இவ்வளவு. அந்த வரியை வைத்துக்கொண்டு, கிடங்கில் கிடக்கும் பெட்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மேலிடத்துக்கு ஒரு தொகையை எழுதி அனுப்பிவிடலாம். ஒப்புதலும் கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் கூடுதல் பில் வரத் தொடங்கும். விலைப்புள்ளியில் இருந்தது தாள் நறுக்கும் இயந்திரத்தின் கூலி மட்டும்தான். காகிதம் அந்த இயந்திரத்தின் வாய்வரை வந்து சேர ஆகும் செலவு அதில் இல்லை. பணத்தின் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது.

முதலில் எவ்வளவு காகிதம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஏ4 தாளின் பரப்பு 0.0624 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்னும் வழக்கமான தாளாக இருந்தால், ஒரு தாளின் எடை ஏறத்தாழ 5 கிராம். 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரை கிலோ. ஒரு தாளின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பதால், இடைவெளியில்லாமல் அடுக்கினால் ஒரு மீட்டர் நீளத்தில் 10,000 தாள், அதாவது 50 கிலோ அடங்கும். கோப்புகள் அப்படி இறுக்கமாக நிற்பதில்லை. அட்டை, கயிறு, கிளிப், மடங்கிய ஓரங்கள் என இடத்தைத் தின்னும் பொருள்கள் பல. ஆகவே அலமாரியை அளந்து கணக்கிடுகிறவர்கள் இந்த 50 கிலோவிலிருந்து கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கழித்துக்கொள்வது நல்லது. தட்டச்சுக் காலத்து நகல் தாள் மிக மெல்லியது. பேரேடுகளின் தாள் கனமானது. பழைய பதிவறையில் இரண்டும் கலந்தே இருக்கும்.

பெட்டிகளில் வைத்திருந்தால் எடை போட்டுப் பார்ப்பதே சரியான வழி. எல்லாப் பெட்டியையும் எடை போட வேண்டியதில்லை. 5,000 பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இருந்து குலுக்கல் முறையில் 30 பெட்டிகளைத் தேர்ந்தெடுத்து நிறுக்கிறோம். சராசரி 14 கிலோ, பெட்டிக்குப் பெட்டி வித்தியாசத்தைக் காட்டும் திட்ட விலக்கம் 3 கிலோ என்று வருகிறது. 3-ஐ 30-இன் வர்க்கமூலத்தால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 1.1 கிலோ; நம் சராசரி தவறக்கூடிய அளவு இது. ஆக, மொத்த எடை 70 டன், ஐந்தரை டன் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தைரியமாகச் சொல்லிவிடலாம். ஒரு நாள் காலைப் பொழுதில் முடிகிற வேலை. ஆனால் குலுக்கல் என்றால் குலுக்கலாகவே இருக்க வேண்டும். கைக்கு எட்டும் வரிசையில் இருக்கும் பெட்டிகளை மட்டும் நிறுத்தால் கணக்கு சாய்ந்துவிடும். கனமானவற்றைக் கீழேயும் இலேசானவற்றை மேலேயும் வைப்பதுதானே தூக்குகிறவர்களின் வழக்கம்.

ஈரத்தையும் மறக்கக் கூடாது. காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கிலோக் கணக்கில் கூலி கொடுப்பவர் தண்ணீருக்கும் சேர்த்தே கூலி கொடுக்கிறார். மறுபக்கம், மறுசுழற்சிக்கு வாங்குகிறவர் ஈரத்துக்குப் பணம் தரமாட்டார். மறுசுழற்சிக்கான காகித வகைகளை வரையறுக்கும் ஐரோப்பியத் தரமான ஈஎன் 643, இயல்பான ஈரம் 10 சதவீதம் வரை என்று வைத்திருக்கிறது. கூரை ஒழுகி நனைந்த பெட்டிகளும் பூஞ்சை பிடித்த பெட்டிகளும் தனிக் கணக்கு. அவற்றைத் தொடுகிறவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் வேண்டும். அந்தக் காகிதத்தை எந்த ஆலையும் விரும்பி வாங்காது.

இனி, எந்த விலைப்புள்ளியிலும் இல்லாத செலவுக்கு வருவோம். எதை அழிக்கலாம் என்று யார் சொல்வது? ஒவ்வொரு வகை ஆவணத்தையும் எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கும், அல்லது இருக்க வேண்டும். அந்தக் காலம் கோப்பு திறந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. பெரும்பாலும் அது மூடப்பட்ட நாளிலிருந்து, அல்லது ஒப்பந்தம் முடிந்த, ஊழியர் பணியை விட்ட, கடன் அடைந்த நாளிலிருந்து ஓடும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆண்டோ, அது கிடங்குக்கு அனுப்பப்பட்ட ஆண்டாக இருக்கும். ஒரே பெட்டியில் ஏழாண்டுக் கணக்குச் சீட்டுகளும் காலவரையின்றி வைத்திருக்க வேண்டிய சொத்துப் பத்திரமும் கிடந்தால், அந்தப் பெட்டி முழுவதும் பத்திரத்தின் ஆயுளைப் பெற்றுவிடுகிறது. அதைப் பிரிக்க வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து திறந்து பார்க்க வேண்டும்.

எவ்வளவு நெருக்கமாகப் பார்க்கிறோம் என்பதில்தான் மொத்தச் செலவும் தீர்மானமாகிறது. பெட்டிக்கு 2,500 தாள் என்று கொள்வோம். தாளுக்கு 5 நொடி வீதம் பார்த்தால் ஒரு பெட்டிக்கு மூன்றரை மணி நேரம். 5,000 பெட்டிக்கு 17,000 மணி நேரத்துக்கு மேல். ஒருவர் ஆண்டுக்கு 1,800 மணி நேரம் வேலை செய்கிறார் என்றால், ஒன்பதரை ஆண்டு வேலை. பெட்டிக்கு 40 கோப்பு, கோப்புக்கு ஒரு நிமிடம் என்று அட்டையை மட்டும் பார்த்தால் 3,300 மணி நேரம், ஏறத்தாழ இரண்டு ஆண்டு. நம்பத் தகுந்த பட்டியல் ஒன்று இருந்து, அதில் வகையையும் ஆண்டையும் பார்த்துப் பெட்டிக்கு ஒரு நிமிடத்தில் முடிவெடுத்தால் 83 மணி நேரம், இரண்டே வாரம். ஒன்பதரை ஆண்டுக்கும் இரண்டு வாரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கிலோவுக்கு எவ்வளவு பேரம் பேசினாலும் ஈடுகட்ட முடியாது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் பெட்டியை மூடியவர் மேலே ஒழுங்காக எழுதினாரா என்பதுதான் இன்றைய செலவு.

இதைச் சொன்னதும் பலர் மறுமுனைக்குத் தாவுவார்கள்: பார்க்கவே வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று. அதற்கான விலையும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் கணக்குத் தணிக்கையாளராக இருந்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம், 2001-இல் விசாரணை நெருங்கிவந்த வேளையில் என்ரான் தொடர்பான ஆவணங்களை மொத்தமாக அழித்தது. அதற்காக 2002 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏகமனதாக ரத்து செய்தது. அதற்குள் உலகின் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றாக இருந்த அந்த நிறுவனம் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. வழக்கோ விசாரணையோ நடக்கிற, அல்லது வரும் என்று தெரிகிற ஆவணங்களை, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்திருந்தாலும் தொடக் கூடாது. எனவே சட்டப் பிரிவிடம் பட்டியலைக் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் வாங்கும் காலமும் கணக்கில் வர வேண்டும். அதற்கென்று தனி பில் வராதுதான். ஆனால் காத்திருக்கும் மாதங்களுக்கு வாடகை உண்டு.

வாடகை என்றதும் அடுத்தது. ஆவணங்களை வெளியாரின் கிடங்கில் வைத்திருப்பவர்கள், வைக்கும்போது போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டிய இடம் இது. மாத வாடகை பெரும்பாலும் கவர்ச்சியாகக் குறைவாக இருக்கும். பெட்டியை நிரந்தரமாக வெளியே எடுப்பதற்கென்று தனிக் கட்டணம் ஒன்று பின்பக்கத்தில் இருக்கும். அதன்மேல் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கூலி, பதிவேட்டில் நீக்கும் கூலி, வண்டிக் கூலி என்று அடுக்கு உண்டு. அதே நிறுவனமே அழித்துத் தருவதாக இருந்தாலும் வெளியேற்றக் கட்டணத்தை விடுவதில்லை. கிடங்குக்காரரை நான் குறை சொல்லவில்லை. அலமாரி காலியானால் அவருக்கு வருமானம் நின்றுபோகிறது, அதற்கு முன்னேற்பாடு செய்துகொள்கிறார். கையெழுத்துப் போடுகிற நாளில் வெளியேறும் விலையையும் சேர்த்துப் பார்க்காதது வைத்தவரின் பிழை.

ஓர் உதாரணக் கணக்கு. எந்த நாட்டுப் பணமும் வேண்டாம். ஒரு பெட்டியின் ஒரு மாத வாடகையை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். வெளியேற்றக் கட்டணம் 6 அலகு, எடுத்து அடுக்கும் கூலி 2, வண்டி 1, பட்டியல் சரிபார்க்கவும் ஒப்புதல் வாங்கவும் 5, நறுக்க 3. மொத்தம் பெட்டிக்கு 17 அலகு. அதில் நறுக்கும் கூலி ஆறில் ஒரு பங்கு மட்டுமே. இந்தப் பதினேழைப் பார்த்து, ‘பதினேழு மாத வாடகையைக் கொடுத்து அழிப்பதா? இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு கிடக்கட்டுமே’ என்று முடிவெடுக்கும் அலுவலகங்கள் ஏராளம்.

அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. காகிதத்தை என்றென்றைக்கும் வைத்திருக்கப் போவதில்லை என்றால், அந்த 17 அலகு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கொடுத்தே ஆக வேண்டிய கடன். தள்ளிப்போடுவதால் மிச்சமாவது அந்தப் பணத்தின் மீதான வட்டி மட்டுமே. வட்டி ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் 17 அலகுக்கு ஏறத்தாழ 1.4 அலகு. அதை மிச்சம் பிடிக்க 12 அலகு வாடகை கட்டுகிறோம். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்ட, யாரும் கேட்காத பெட்டிக்கு, தாமதத்தை நியாயப்படுத்தும் வட்டி விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே ‘அழிப்பதற்கு எவ்வளவு ஆகும்’ என்ற கேள்வியோடு ‘அழிக்காமல் இருக்க எவ்வளவு ஆகிறது’ என்பதையும் அதே தாளில் எழுதிக் காட்டினால்தான் மதிப்பீடு முழுமையாகும்.

சொந்த இடத்திலேயே பெட்டிகளை வைத்திருப்பவர்கள் தமக்கு வாடகை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அறையை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாமல் இருப்பதுதான் அதன் வாடகை. அதோடு, நாமே ஒரு இயந்திரம் வாங்கி நறுக்கிவிடலாம் என்ற யோசனையும் அவர்களிடமிருந்தே வரும். நூறு பெட்டிக்கு 2,50,000 தாள். ஒரு முறைக்கு 15 தாள், ஆறு நொடிக்கு ஒரு முறை என்று இடைவிடாமல் ஊட்டினாலும் 28 மணி நேரம். அலுவலக இயந்திரங்கள் இடைவிடாமல் ஓடா. சில நிமிடம் ஓடியதும் சூடேறி நின்று ஆறுதல் கேட்கும். கிளிப்பைக் கழற்ற வேண்டும், தொட்டியைக் காலி செய்ய வேண்டும், நறுக்கிய தாள் பஞ்சு மாதிரி உப்பி முன்பிருந்த இடத்தைப் போலப் பல மடங்கு அடைத்துக்கொள்ளும். பத்துப் பெட்டிக்கு இது சரி, நூறுக்குச் சரிப்படாது.

எவ்வளவு பொடியாக நறுக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஜெர்மனியின் டிஐஎன் 66399 என்ற தரம் 2012-இல் வந்தது; 2018-இல் அதுவே ஐஎஸ்ஓ/ஐஈசி 21964 என்ற சர்வதேசத் தரமானது. காகிதத்துக்குப் பி-1 முதல் பி-7 வரை ஏழு நிலைகள். பி-2 என்றால் 6 மில்லிமீட்டர் அகலப் பட்டைகள் போதும். ஏ4 தாள் 35 பட்டைகளாகும். பி-4-இல் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதே தாள் குறைந்தது 390 துண்டு. பி-5-இல் 30 சதுர மில்லிமீட்டர், 2,000 துண்டுக்கு மேல். பி-7-இல் 5 சதுர மில்லிமீட்டர், 12,000 துண்டுக்கு மேல். ஒவ்வொரு படி ஏறும்போதும் இயந்திரம் மெதுவாகிறது, கத்தி சீக்கிரம் மழுங்குகிறது, கூலி ஏறுகிறது.

நீளப் பட்டைகளை நம்பியவர்களின் கதை பிரசித்தம். 1979-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது பட்டைகளாக நறுக்கப்பட்டுக் கிடந்த ஆவணங்களைக் கம்பளம் நெய்பவர்களின் உதவியோடு ஒட்டுச் சேர்த்துப் புத்தகங்களாகவே வெளியிட்டார்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் துறையான ஸ்டாசி, 1989-90 காலத்தில் இயந்திரங்கள் ஈடுகொடுக்காமல் கையாலேயே கிழித்துப் போட்ட காகிதம் ஏறத்தாழ 16,000 மூட்டை. அவற்றைச் சேர்க்கும் வேலை 1995-இல் தொடங்கியது. கணினியை வைத்தும் முயன்றார்கள், இன்னும் முடிந்தபாடில்லை. 2011-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பா ஐந்து ஆவணங்களை 10,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாக்கிப் போட்டி வைத்தது. 33 நாளில் ஒரு குழு விடை கண்டது. இவற்றைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் பி-7 கேட்பது வீண் செலவு. ஐந்து ஆவணத்தைச் சேர்க்க 33 நாள் என்றால், பெரிய ஆலையில் 70 டன் வேறு பலரின் காகிதத்தோடு கலந்து நறுக்கப்பட்டு, அழுத்திச் சிப்பமாகக் கட்டப்பட்ட பிறகு அதிலிருந்து ஒரு சம்பளப் பட்டியலை மீட்க எவரும் மெனக்கெட மாட்டார். பெயர், முகவரி, சம்பளம் போன்ற வழக்கமான ரகசியங்களுக்குப் பி-4 போதும். பட்டியலிலேயே வகை பிரித்து, உண்மையான ரகசியம் உள்ள சில பெட்டிகளுக்கு மட்டும் மேல்நிலை கேட்பது புத்திசாலித்தனம்.

பொடியாக நறுக்குவதற்கு இன்னொரு விலையும் உண்டு, அது மறுசுழற்சியில் தெரியும். காகிதம் என்பது மர நார்களின் பின்னல். ஊசியிலை மரங்களின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம், அகன்ற இலை மரங்களுடையது 1 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் கத்தி போட்டால் நாரே வெட்டுப்படுகிறது. குட்டை நாரில் செய்த காகிதத்துக்கு வலு குறைவு. மிகச் சிறிய துகள்கள் கூழ் வடிகட்டும்போது தண்ணீரோடு போய்விடும். அதனால் முழுத் தாளுக்கு ஒரு விலையும் பட்டையாக நறுக்கியதற்கு ஒரு விலையும் பொடிக்கு அதைவிடக் குறைந்த விலையும் கிடைக்கும். நறுக்காமலே, கண்காணிப்பில் வைத்து நேரே காகித ஆலையின் கூழ்த் தொட்டியில் கொட்டுவது இன்னொரு வழி. எழுத்தும் அழியும், நாரும் பிழைக்கும். ஆனால் ஆலை பக்கத்தில் இருக்க வேண்டும், கொட்டி முடியும்வரை நம்பிக்கையான ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

ஸ்டேப்பிள் பின்னைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறார்கள். கூழ்த் தொட்டியில் தாள் கரையும்போது இரும்பு தனியே பிரிந்து வந்துவிடும். அதைச் சல்லடையும் காந்தமும் பார்த்துக்கொள்ளும். பின் பிடுங்க ஆள் வைப்பது காசுக்குக் கேடு. உண்மையான தொல்லை தருபவை வேறு: பிளாஸ்டிக் உறைகள், லேமினேட் செய்த தாள், இரும்பு வளையம் வைத்த தடித்த கோப்புறைகள், பசை ஒட்டிய முதுகுகள், கார்பன் தாள், பில் அச்சிடும் வெப்பத் தாள். எக்ஸ்ரே படமும் மைக்ரோஃபிலிமும் காகிதமே அல்ல. அவற்றைத் தனியே கொடுத்தால் அவற்றிலுள்ள வெள்ளியை மீட்பார்கள். மிகப் பழைய பெட்டிகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1957 முதல் 1971 வரை தயாரான கார்பனில்லா நகல் தாள்களில் பிசிபி என்னும் நச்சுப் பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்து நகல் படிவங்கள் கட்டுக்கட்டாக இருந்தால், மறுசுழற்சிக்கு அனுப்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கழிவுத்தாள் விற்றால் எவ்வளவு வரும் என்பதை மதிப்பீட்டில் எழுத எல்லோருக்கும் ஆசை. என் யோசனை, அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள் என்பது. கழிவுத்தாள் உலகச் சந்தைப் பொருள். அதன் விலை நம் கையில் இல்லை. உலகின் மிகப் பெரிய வாங்குபவராக இருந்த சீனா, 2018 தொடக்கத்தில் தரம் பிரிக்காத கலப்புக் காகிதத்தின் இறக்குமதியைத் தடை செய்தது. மற்ற வகைகளில் அயல் பொருள் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. பல நாடுகளில் கலப்புக் காகிதத்தின் விலை தரைதட்டியது. சில இடங்களில், எடுத்துச் செல்ல நாம் பணம் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. 2021 முதல் திடக்கழிவு இறக்குமதியையே சீனா நிறுத்திவிட்டது. திட்டம் போடும் மாதத்துக்கும் வண்டி கிளம்பும் மாதத்துக்கும் இடையே விலை எங்கும் போகலாம். வந்தால் இலாபம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. வெள்ளைத் தாளைத் தனியே பிரித்தால் விலை கூடும் என்பது உண்மை. பிரிக்கிற கூலி அந்த வித்தியாசத்தைத் தின்றுவிடாதா என்று ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

இதையொட்டியே ஓர் எச்சரிக்கை. ‘காகிதத்தை எங்களுக்கே விட்டுவிடுங்கள், இலவசமாக நறுக்கித் தருகிறோம்’ என்று சொல்பவரின் கணக்கு கழிவுத்தாள் விலையை நம்பி நிற்கிறது. விலை சரிந்தால் அவருக்கு நறுக்க மனம் வராது. உங்கள் கோப்புகள் நறுக்கப்படாமல் எங்கோ ஒரு கொட்டகையில் அடுக்கியிருக்கும், அல்லது அப்படியே கைமாறிப் போயிருக்கும்.

ஸ்கேன் செய்துவிட்டு அழிக்கலாம் என்ற யோசனைக்கு நீண்ட பதில் தேவையில்லை. அது பக்கம் பக்கமாகப் பார்க்கும் செலவோடு இயந்திரச் செலவையும் சேர்த்தது. அடிக்கடி கேட்கப்படும் கோப்புக்கு அது பொருந்தும். இன்னும் ஈராண்டில் அழிக்கப்போகும் பெட்டிக்குப் பொருந்தாது.

வாசலுக்கே வந்து நறுக்கும் வண்டிக்கும் ஆலைக்கு எடுத்துச் சென்று நறுக்குவதற்கும் இடையே, கண்ணெதிரே நடக்கிறது என்ற நிம்மதிக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. சில பெட்டிகளுக்கு அது தகும். 70 டன்னுக்கு, பூட்டி முத்திரையிட்ட வண்டியும் ஆலையில் நம் ஆள் ஒருவரும் இருந்தால் போதுமானது.

கடைசியில் கைக்கு வருவது அழிப்புச் சான்றிதழ். ‘70 டன் காகிதம் அழிக்கப்பட்டது’ என்று ஒரே வரி எழுதிய சான்றிதழ், ஆறு ஆண்டு கழித்து ஒருவர் குறிப்பிட்ட ஒரு கோப்பைக் கேட்கும்போது எதையும் நிரூபிக்காது. பெட்டி எண் வாரியாகச் சான்று வேண்டும், எடைமேடைச் சீட்டு உடன் வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் அதற்கும் தனிக் கட்டணம். ஒப்புதல் பட்டியலில் 5,000 எண்களும் சான்றிதழில் 4,987 எண்களும் இருந்தால், அந்த 13 பெட்டிகள் எங்கே என்று தெரியும்வரை பணத்தைக் கொடுக்கக் கூடாது.